கடலோரச் சாலைக்கு வந்த இயந்திரக் கை
கோவளம் முதல் தாம்பரம் வரை: ஒரு வட்டாரத்தின் மருத்துவ வரலாறு – பகுதி 9

சென்ற பகுதியில் தாம்பரம் சானடோரியம் உருவான கதையைப் பார்த்தோம். இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் காசநோய் மருத்துவமனை நடத்தியவர் டாக்டர் சவுரி முத்து. கணித மேதை ராமானுஜன் சில காலம் அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றார். அதே சவுரி முத்து ஊர் திரும்பி 1928-இல் தாம்பரத்தில் தொடங்கிய நிலையத்தை 1937-இல் சென்னை மாகாண அரசு எடுத்துக்கொண்டது. அந்நாளில் உலகெங்கும் நுரையீரல் காசத்துக்குச் செய்த பெரிய அறுவை சிகிச்சை எது தெரியுமா? நோயாளியின் விலா எலும்புகளை வரிசையாக வெட்டியெடுத்து, அந்தப் பக்கத்து மார்புக்கூட்டையே உள்வாங்க வைப்பது. சுருங்கிய நுரையீரல் ஓய்வு பெற்றால் புண் ஆறும் என்று நம்பினார்கள். உயிர் பிழைத்தவர் ஆயுள் முழுக்க ஒரு தோள் சாய்ந்தே நடந்தார்.

இன்று அதே சானடோரியத்துக்குப் பக்கத்து ஊரான குரோம்பேட்டையில், விரல் நுழையாத சில துளைகள் வழியே இயந்திரக் கைகளைச் செலுத்தி வயிற்றுக்குள் அறுவை செய்கிறார்கள். இடையில் நூறு ஆண்டுகூட ஆகவில்லை. இந்த மாற்றம் எப்படி நடந்தது, யாருக்குப் பயன்பட்டது, யாருக்கு இன்னும் எட்டவில்லை என்பதே இந்தப் பகுதி.

ஜி.எச்.சுக்குப் போன காலம்

கோவளம் பழைய துறைமுகம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆஸ்டெண்டு கம்பெனியார் இங்கே வணிகத்தலம் வைத்திருந்தார்கள். நவாபின் கோட்டை இருந்தது. 1752-இல் ராபர்ட் கிளைவ் அதைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார். கப்பல்களும் படைகளும் வந்துபோன இந்த ஊருக்குப் பெரிய மருத்துவம் மட்டும் மிகத் தாமதமாகவே வந்தது. கட்டுமரத்தில் போகிறவருக்குக் குடல் இறக்கம் என்றாலும், கருவாடு காயப்போடும் பெண்ணுக்குக் கர்ப்பப்பைக் கட்டி என்றாலும், ஒரு பக்கம் செங்கல்பட்டு, இன்னொரு பக்கம் சென்னை ஜி.எச். அல்லது ராயப்பேட்டை ஆஸ்பத்திரி. செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி 1965-இல் வந்தது. அதற்கு முன்பு அந்த வழியும் குறுகியது.

நிலைமையை மாற்றியது சாலை. பழைய மகாபலிபுரம் சாலை தகவல் தொழில்நுட்பச் சாலையாக விரிந்து, 2008-இல் ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் பெற்றது. சிறுசேரியில் சிப்காட் வளாகம் எழுந்தது. உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற கேளம்பாக்கத்தில் செட்டிநாடு மருத்துவமனை வந்தது. கோவளத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். பெரும்பாக்கத்தில் குளோபல் மருத்துவமனை, பெருங்குடியில் ஜெம் மருத்துவமனையின் சென்னைக் கிளை, தரமணியில் 2019-இல் அப்பல்லோ புரோட்டான் புற்றுநோய் மையம் என்று சாலையின் இருபுறமும் மருத்துவமனைகள் நிறைந்தன. ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம், தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற குரோம்பேட்டையில், அந்தக் கம்பெனியின் பெயரை இன்னும் சுமக்கும் சி.எல்.சி. ஒர்க்ஸ் சாலையில், 2018-இல் ரேலா மருத்துவமனை தொடங்கியது. 1997-இல் லண்டனில், பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்குக் கல்லீரல் மாற்றிக் கின்னஸ் பதிவில் இடம்பெற்ற மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர் டாக்டர் முகமது ரேலா அதை நிறுவினார்.

இந்த மருத்துவமனைகளின் விளம்பரப் பலகைகளில் இன்று தவறாமல் காணப்படும் சொல் ரோபோ. அது இங்கே வந்து சேர்ந்த வழி நீண்டது.

துளை வழியே வந்த புரட்சி

முதலில் வந்தது லேப்ராஸ்கோப்பி. 1985-இல் ஜெர்மனியில் எரிக் மியூஹே என்ற மருத்துவர் வயிற்றைக் கிழிக்காமல் துளை வழியே பித்தப்பையை எடுத்தார். சக மருத்துவர்கள் அவரைக் கடுமையாகச் சாடினார்கள். ஐந்தே ஆண்டில், 1990-இல், மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா அதே சிகிச்சையை இந்தியாவில் செய்துகாட்டினார். அடுத்த ஆண்டே கோவையில் டாக்டர் சி. பழனிவேலு தொடங்கினார். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் மலேசியத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுப் பிறகு படித்து மருத்துவரானவர் அவர். உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துச் செய்யும் அவருடைய முறையை வெளிநாட்டு மருத்துவர்களும் வந்து கற்றார்கள்.

ஆனால் லேப்ராஸ்கோப்பிக்குச் சில குறைகள் இருந்தன. கருவி நேர்க்கம்பி, அதற்கு மணிக்கட்டு இல்லை. வெளியே கையை இடப்பக்கம் அசைத்தால் உள்ளே முனை வலப்பக்கம் போகும். திரையில் தெரிவது ஆழமில்லாத தட்டைப் படம். மூன்று மணி நேரம் நின்று செய்தால் மருத்துவரின் தோளும் கழுத்தும் கடுக்கும். குறுகிய இடத்தில் தையல் போடுவது பெரும்பாடு.

இந்தக் குறைகளுக்கான விடை அமெரிக்காவின் ராணுவ ஆராய்ச்சியிலிருந்து வந்தது. போர்க்களத்தில் காயம்பட்டவருக்குத் தொலைவில் இருந்தபடியே அறுவை செய்ய முடியுமா என்று ஆராய்ந்தார்கள். அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கி 1995-இல் கலிபோர்னியாவில் தொடங்கியதுதான் இன்ட்யூட்டிவ் சர்ஜிக்கல் நிறுவனம். அதன் டாவின்சி இயந்திரத்துக்கு 2000-ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. 2001 செப்டம்பர் 7 அன்று, போட்டி நிறுவனத்தின் ஜீயஸ் இயந்திரத்தைக் கொண்டு, நியூயார்க்கில் உட்கார்ந்திருந்த டாக்டர் ழாக் மாரெஸ்கோ பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் படுத்திருந்த பெண்ணின் பித்தப்பையை அகற்றினார். இடையில் அட்லாண்டிக் பெருங்கடல். 2003-இல் அந்தப் போட்டி நிறுவனம் இன்ட்யூட்டிவுடன் இணைந்தது. அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டு இந்தத் துறையில் அந்த ஒரு நிறுவனமே கோலோச்சியது. விலை இறங்காமல் இருந்ததற்கு முதற்காரணம் இதுதான்.

ஜிப்மரில் படித்தவர்

இயந்திரம் வந்துவிட்டது, அதற்கு ஏற்ற வேலை எது என்பதை உலகுக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர், கோவளத்தின் வழியே போகும் இதே கிழக்குக் கடற்கரைச் சாலை சென்றடையும் புதுச்சேரியில், ஜிப்மர் கல்லூரியில் மருத்துவம் படித்தவர். திருச்சூரில் பிறந்த டாக்டர் மணி மேனன், டெட்ராய்ட் நகரின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் சிறுநீரகவியல் துறைத் தலைவராக இருந்தார். ஆந்திரத்திலிருந்து போய் அங்கே தொழில் செய்து செல்வந்தரான ராஜ் வட்டிகுட்டி 2001-இல் பெருநிதி கொடுத்தார். புராஸ்டேட் புற்றுநோய்க்கான ரோபோ அறுவை சிகிச்சையை ஒரு முழுத் திட்டமாக மேனன் அங்கே வளர்த்தெடுத்தார்.

ஏன் புராஸ்டேட்? அது இடுப்பெலும்பின் அடியாழத்தில், சிறுநீர்ப்பைக்குக் கீழே, கை நுழையச் சிரமப்படும் குறுகலான இடத்தில் இருக்கிறது. அதை ஒட்டியே மெல்லிய நரம்புக் கற்றைகள் ஓடுகின்றன. அவை அறுபட்டால் ஆண்மை போகும். அருகிலுள்ள தசை கெட்டால் சிறுநீரை அடக்க முடியாது. சுரப்பியை எடுத்த பிறகு சிறுநீர்ப்பையையும் சிறுநீர்க் குழாயையும் அதே குறுகிய இடத்தில் இணைத்துத் தைக்க வேண்டும். நேர்க்கம்பியால் இதைச் செய்யத் தேர்ந்த கைகளும் திணறின. மணிக்கட்டு வைத்த கருவிக்கு அதுவே உரிய களமாயிற்று.

வட்டிகுட்டியின் அறக்கட்டளை பிறகு இந்தியாவில் மருத்துவர்களைப் பயிற்றுவித்தது. அவருடைய நிறுவனமே இங்கே டாவின்சியை விற்கவும் செய்தது. 2018-இல் இன்ட்யூட்டிவ் நேரடியாக வந்தது. தில்லி எய்ம்ஸ் 2006-இல் சிறுநீரகவியலில் ரோபோவைத் தொடங்கியிருந்தது. அடுத்த பத்தாண்டில் சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனைகளும், அவற்றைத் தொடர்ந்து நம் புறநகர் மருத்துவமனைகளும் இந்த வரிசையில் சேர்ந்தன.

தியேட்டருக்குள் என்ன நடக்கிறது?

ரோபோ தானாக அறுவை செய்யும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். "மிஷினே பண்ணிடுமா டாக்டர்?" என்பதுதான் வார்டில் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி. வயிற்றுக்குள் செய்யும் இந்த வகை ரோபோ எதையும் தானாகச் செய்வதில்லை.

மயக்க மருந்து கொடுத்தபின் நோயாளியின் வயிற்றில் கரியமில வாயுவைச் செலுத்தி உப்ப வைக்கிறார்கள். சுமார் 8 மில்லிமீட்டர் அகலத்தில் நான்கைந்து துளைகள். ஸ்டாஃப் நர்ஸ்கள் இயந்திரத்தின் கைகளுக்குத் தூய பிளாஸ்டிக் உறை மாட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கைகளைத் துளைகளோடு பொருத்துவதற்குப் பெயர் டாக்கிங். பழகிய அணி சில நிமிடங்களில் முடிக்கும். பழகாத அணிக்கு நேரம் ஓடிவிடும். புராஸ்டேட் என்றால் நோயாளியின் தலை தாழ்ந்து கால் உயர்ந்திருக்கும்படி மேசையைச் சாய்ப்பார்கள், குடல் மேலே விலகுவதற்காக.

தலைமை மருத்துவர் நோயாளியைத் தொடுவதில்லை. சில அடி தள்ளி, கன்சோல் என்ற மேசை முன் காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்கிறார். முகத்தைப் புதைத்துப் பார்க்கும் பேழைக்குள் பத்து மடங்கு வரை பெரிதான, ஆழம் தெரியும் முப்பரிமாணக் காட்சி. கட்டை விரலும் அடுத்த விரலும் வளையங்களில். கால்களின் கீழே பெடல்கள்: ஒன்று கேமராவை நகர்த்த, ஒன்று ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்க, ஒன்று கருவியை அசையாமல் நிறுத்திவிட்டுக் கையை வசதியாக இடம் மாற்றிக்கொள்ள. அவர் விரல் மூன்று அங்குலம் அசைந்தால் உள்ளே முனை ஓர் அங்குலம் மட்டும் அசையும்படி வைக்கலாம். கைநடுக்கம் வடிகட்டப்படுகிறது. பேழையிலிருந்து தலையை எடுத்த கணத்திலேயே உணரி அதை அறிந்து கருவிகளை அப்படியே நிறுத்திவிடும்.

நோயாளியின் பக்கத்தில் ஓர் உதவி மருத்துவர் நின்றுகொண்டே இருக்கிறார். உறிஞ்சுவது, ஊசி நூலை உள்ளே கொடுப்பது, கிளிப் போடுவது அவர் வேலை. திடீரென ரத்தம் பீறிட்டால் இயந்திரத்தைக் கழற்றித் தள்ளிவிட்டு வயிற்றைத் திறக்க வேண்டும். கருவி திசுவைப் பிடித்தபடி நின்றுவிட்டால் அந்தப் பிடியை விடுவிக்க ஒரு சிறிய சாவி உண்டு. அது எங்கே இருக்கிறது என்பதை அறையில் உள்ள ஒவ்வொரு நர்ஸும் தெரிந்திருக்க வேண்டும். ரோபோ அறையின் தரத்தை அறிய நினைப்பவர் இயந்திரத்தின் மாடலைக் கேட்பதைவிட இந்தச் சாவியைப் பற்றிக் கேட்கலாம்.

ஒரு பெரிய குறையும் உண்டு. விரலால் தொட்டு, இது மிருது, இது கட்டி என்று உணர்வதை மருத்துவர் இழக்கிறார். கண்ணால் பார்த்தே இழுவையைக் கணிக்க வேண்டும். 2024-இல் வந்த புதிய மாடலில்தான் அந்த விசை உணர்வைத் திருப்பித் தரும் கருவிகள் சேர்ந்தன. செலவு இன்னொன்று. ஒவ்வொரு கருவி முனையையும் குறிப்பிட்ட முறைகளே பயன்படுத்தலாம். இயந்திரமே எண்ணிக்கை வைத்திருந்து, கணக்கு முடிந்ததும் ஏற்க மறுத்துவிடும். நோயாளியின் பில்லில் ரோபோ என்ற வரி ஏறுவதற்கு இது முக்கியக் காரணம்.

ஓமந்தூரார் வளாகத்தில்

தனியார் மருத்துவமனையில் லட்சங்களில் நிற்கும் செலவை ஒரு மீனவக் குடும்பம் தாங்காது. 2022 மார்ச் 15 அன்று நடந்ததை இந்தத் தொடரின் முக்கியமான நாட்களில் ஒன்றாக நான் குறிக்கக் காரணம் அதுதான். அன்று சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்துப் பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையில், ரூ.34.60 கோடியில் அமைந்த ரோபோ அறுவை சிகிச்சை மையத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இதுவே முதல் ரோபோ.

அந்தக் கட்டடத்தின் கதை தமிழக அரசியலின் கதையும்கூட. கலைஞர் கருணாநிதி ஆட்சியில் சட்டமன்றம், தலைமைச் செயலகத்துக்காக எழுந்த அதை 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார்; 2014 பிப்ரவரி 21 அன்று ஜெயலலிதா அதை மருத்துவமனையாக்கினார். எதிரெதிரான ஆட்சிகள் செய்த வேலை, கடைசியில் ஏழை நோயாளிக்கு ரோபோ கிடைப்பதில் வந்து சேர்ந்திருக்கிறது. இதை நான் மனமார வரவேற்கிறேன்.

இதற்குத் தளம் போட்டது காப்பீட்டுத் திட்டம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தனியார் பாலிசிக்காரர்களுக்கும் ஒரு கதவு திறந்தது: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த விதிகளின்படி, ரோபோ அறுவை உள்ளிட்ட நவீன சிகிச்சைகளைப் பாலிசிகள் முற்றாக விலக்க முடியாது. உச்சவரம்பு வைக்க மட்டும் நிறுவனங்களுக்கு இடமுண்டு. அந்த வரம்பு எவ்வளவு என்பதைப் படுக்கையில் சேருமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குக் கேட்ட மண்

புதிய இயந்திரம் என்றால் நல்ல சிகிச்சை என்று முடிவு கட்டிவிடலாமா? நம் ஊரே இதற்கு முன்பு இந்தக் கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறது. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கியது. காசநோயாளியைச் சானடோரியத்தில் சேர்த்து, நல்ல உணவும் ஓய்வும் தந்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிய காலம். சுமார் 200 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சானடோரியத்திலும் மறு பிரிவுக்கு அவர்கள் குடிசையிலும் ஓராண்டு ஒரே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வந்தது: இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. தாம்பரத்தின் கட்டில்களுக்கு வேறு வேலை வந்தது.

ரோபோவையும் இப்படிச் சோதித்திருக்கிறார்கள். முடிவுகள் கலந்தே இருக்கின்றன. 471 மலக்குடல் புற்றுநோயாளிகளிடம் ரோபோவையும் சாதாரண லேப்ராஸ்கோப்பியையும் ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வு 2017-இல் வெளியானது. இடையில் வயிற்றைத் திறக்க நேர்ந்த அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறுநீர்ப்பை அகற்றும் பெரிய அறுவையில், ரோபோவால் செய்துகொண்டவர்கள் விரைவில் வீடு திரும்பினார்கள் என்று 2022-இல் பிரிட்டன் ஆய்வு காட்டியது. எச்சரிக்கை மணி அடித்தது 2018-இல். தொடக்கநிலைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கொண்ட 631 பெண்களில், துளை வழியே அறுவை செய்துகொண்டவர்களுள் நாலரை ஆண்டு நோயின்றி இருந்தவர்கள் 86 சதவீதம். வயிற்றைத் திறந்து செய்துகொண்டவர்களில் 96.5 சதவீதம். துளை வழிக்காரர்களில் பெரும்பாலோர் லேப்ராஸ்கோப்பி, சிலர் ரோபோ. சிறிய தழும்புக்குக் கொடுத்த விலை சிலருக்கு உயிராக இருந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் நம் ஊர்ப் பெண்களை அதிகம் பாதிக்கும் நோய்களில் ஒன்று என்பதால் இந்த எண்கள் நம் வாசலுக்கே உரியவை.

ஆகவே ரோபோவை வணங்கவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம். புராஸ்டேட் போன்ற ஆழமான, குறுகலான இடங்களில் அது மருத்துவரின் கைக்குத் துணை. பித்தப்பை, குடல் இறக்கம் போன்றவற்றில் நல்ல லேப்ராஸ்கோப்பி மருத்துவர் இருந்தால் கூடுதல் லட்சங்களுக்குத் தேவை பெரும்பாலும் இல்லை. டாக்டர் சுதிர் ஸ்ரீவத்சவாவின் நிறுவனம் குருகிராமில் தயாரிக்கும் மந்திரா என்ற இந்திய ரோபோவும் களத்துக்கு வந்துவிட்டது. போட்டி வளர்ந்தால் விலை இறங்கும் என்ற நம்பிக்கைக்கு இப்போது அடிப்படை இருக்கிறது.

அரசிடம் இரண்டு கோரிக்கைகள். ஒன்று: அரசு, தனியார் என்ற பேதமின்றித் தமிழ்நாட்டில் நடக்கும் ஒவ்வொரு ரோபோ அறுவையும் ஒரு பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும், என்ன நோய், எத்தனை நாள் படுக்கை, என்ன சிக்கல், எவ்வளவு பணம், ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார் என்ற கணக்கோடு. சேத்துப்பட்டில் அன்று முடிந்தது இன்று முடியாதா? இரண்டு: செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஓமந்தூரார் தொலைவு. செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியிலோ, தாம்பரத்தில் 2025-இல் திறந்த புதிய மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அடுத்த அரசு ரோபோ அமைய வேண்டும். அதற்கு முன்பு அங்கே நல்ல லேப்ராஸ்கோப்பி அணி இரவும் பகலும் இருக்க வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் யாருக்காவது ரோபோ ஆபரேஷன் சொன்னால் மருத்துவரிடம் கூச்சமின்றி நான்கு கேள்விகள் கேளுங்கள்: இதே ஆபரேஷனை ரோபோவில் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்? லேப்பிலோ ஓப்பனிலோ செய்தால் என் நோய்க்கு என்ன வித்தியாசம்? கூடுதல் செலவு எவ்வளவு, எழுத்தில் தருவீர்களா? காப்பீட்டில் இது அடங்குமா? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். உட்கார வைத்துப் பதில் சொல்வார்.

(தொடரும்)